‘என்ன பாட்டுப் பிடிக்கும்?’

‘எந்த ஊரு?’ என்று கேட்பார்கள். அப்புறம் ‘ஊர்ல எந்தப் பக்கம்?’ என்று கேட்பார்கள். ‘அப்பா என்ன பண்றார்?’, ‘எந்த சாமி கும்பிடுவீங்க?’, ‘கறி திம்பியா, என்ன கறி?’ சாதியைச் சாதி என்று சொல்லாமலே தோண்டி எடுக்கிற கேள்விகள் இந்தச் சமூகத்திடம் ஏராளம். முதுகலைத் தமிழ் படிக்கச் சென்னைக்கு வந்து விடுதியில் பெட்டியை இறக்கிய அன்று ராத்திரி அந்த வரிசையில் இன்னொரு கேள்வி எனக்கு அறிமுகமானது. ‘உனக்கு என்ன பாட்டுப் பிடிக்கும்?’

அறையில் ஆறு பேர். ஒருத்தன் இளையராஜா என்றான். ஒருத்தன் ரகுமான் என்றான். இன்னொருத்தன் மகாராஜபுரம் சந்தானம் என்றான். அவன் வீட்டில் காலையில் அதுதான் ஓடுமாம். என் முறை வந்தது. எனக்குப் பிடித்ததெல்லாம் எழவு வீட்டில் எங்க ஆயா மாரடித்துக்கொண்டு இழுக்கிற ஒப்பாரி. காலனி டீக்கடையில் காது கிழியப் போடுகிற தேவா பாட்டு. ஆனால் வாய் சொன்னது வேறு: ‘கர்நாடக சங்கீதம் கொஞ்சம் கேப்பேன்.’ ஒரு கீர்த்தனையின் பெயர்கூட அப்போது எனக்குத் தெரியாது. யாரும் மேற்கொண்டு துருவவில்லை. தப்பித்தேன்.

தப்பிக்காதவன் ஒருவன் இருந்தான். வியாசர்பாடிக்காரன். ‘கானா’ என்றான். ‘மரண கானா. எங்க ஏரியால சாவு வுழுந்தா ராத்திரி பூரா பாடுவாங்க, அப்பிடி இருக்கும்.’ மறுநாள் காலையிலேயே அவனுக்கு ‘டெத்து’ என்று பேர் விழுந்துவிட்டது. இரண்டு வருஷமும் அதுதான் பேர். அறையில் எதுவும் காணாமல் போனால் முதலில் திறக்கப்பட்டது அவன் பெட்டி. கானா கேட்கிறவன் திருடுவான் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அவன் பெட்டியைக் கவிழ்த்தபோது நானும் பக்கத்தில் நின்றேன். எனக்கு அவனைவிட அதிகமாக ஒப்பாரி தெரியும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு அன்று நான் நின்ற அந்த நிலைதான் காரணம்.

ரசனையை வைத்து ஆளை அளக்கிற இந்தப் பழக்கத்தை நாம் விசாரித்தாக வேண்டும். ‘அவரவர் டேஸ்ட்டு’ என்று பேசுவார்கள், ஏதோ பிறக்கும்போதே தொப்புள்கொடியோடு சேர்ந்து வந்ததுபோல. அந்த டேஸ்ட்டை வைத்தே ஒருவனை அறிவாளி என்றும் பொறுக்கி என்றும் பிரிப்பார்கள். ரசனை மனசிலிருந்து வருகிறது, மனசு ஆளுமையிலிருந்து வருகிறது, ஆளுமை குணத்திலிருந்து வருகிறது என்பது இதற்குப் பின்னால் இருக்கிற நம்பிக்கை. குணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் நம் ஊரில் அதற்குத் தயாராக ஒரு பழைய பதில் இருக்கிறது. நான்கு வருணத்தையும் மூன்று குணத்தையும் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிற பதில்.

இதை விஞ்ஞானமாகவும் செய்கிறார்கள். 2003இல் அமெரிக்காவில் பீட்டர் ரென்ட்ஃப்ரோ, சாமுவேல் காஸ்லிங் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 3,500க்கும் மேற்பட்டவர்களிடம் விசாரித்து, 14 இசை வகைகளை நான்கு கூடைகளில் போட்டார்கள். ஜாஸ், புளூஸ், மேற்கத்திய செவ்வியல் இசை, நாட்டார் இசை ஆகியவை ‘சிந்தனையும் சிக்கலும்’ உள்ள கூடை. ராக், மெட்டல் வகையறா ‘தீவிரமும் கலகமும்’. பாப், கன்ட்ரி, சினிமாப் பாட்டு, பக்திப் பாட்டு எல்லாம் ‘உற்சாகமும் வழமையும்’. ராப், சோல், மின்னணு இசை ‘ஆற்றலும் தாளமும்’. முதல் கூடையை விரும்புகிறவர்கள் புதியதை ஏற்கும் மனம் படைத்தவர்கள், தங்களை அறிவாளிகளாகக் கருதுகிறவர்கள் என்றெல்லாம் உறவுகள் சொல்லப்பட்டன. பிறகு இந்த மாதிரி ஆய்வுகள் பத்திரிகைகளில் ‘உங்கள் பாட்டு உங்கள் குணம் சொல்லும்’ என்று ஜோசியமாக இறங்கிவிட்டன.

ஆய்வாளர்களின் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. கேட்டவர்கள் சொன்னதைத்தான் அவர்கள் கணக்குப் போட்டார்கள். என் கேள்வி கூடையைப் பற்றியது. புளூஸ் யாருடைய பாட்டு? பருத்திக் காட்டில் முதுகு ஒடிந்த கறுப்பர்களின் பாட்டு. ஜாஸ்? அவர்கள் பிள்ளைகளுடையது. ராப்? அவர்கள் பேரப்பிள்ளைகளுடையது. ஒரே சனத்தின் பாட்டில் தாத்தா பாட்டு ‘சிந்தனை’ ஆகிவிட்டது. பேரன் பாட்டு ‘தாளம்’ என்றே நிற்கிறது. ஜாஸ் பிறந்தபோது அதையும் காட்டுக்கூச்சல் என்றுதான் வெள்ளைக்காரப் பத்திரிகைகள் எழுதின. பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்து, வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்து கேட்கிற அரங்கத்துக்குள் நுழைந்த பிறகே அது மூளை சம்பந்தப்பட்ட விஷயமானது. ஆக, ஒரு பாட்டு மூளைக்கானதா உடம்புக்கானதா என்பதைப் பாட்டு தீர்மானிப்பதில்லை. யார் கேட்கிறார்கள், எங்கே உட்கார்ந்து கேட்கிறார்கள் என்பதே தீர்மானிக்கிறது. பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியு 1979இல் வெளியிட்ட புத்தகம் இதைத்தான் சொன்னது: ரசனை பொருள்களைத் தரம் பிரிக்கிறது, பிரிக்கிறவனையும் சேர்த்தே தரம் பிரித்துவிடுகிறது. பூர்தியு வர்க்கத்தைப் பார்த்தார். தீட்டு என்ற ஒன்றை அவர் பார்க்க வேண்டி வரவில்லை. நமக்கு அந்தச் சௌகரியம் கிடையாது.

நம் ஊர்க் கூடைகளைப் பார்ப்போம். மிருதங்கத்தில் இருப்பது ‘கணக்கு’. பறையில் இருப்பது ‘அடி’. மிருதங்கம் கேட்டால் தலை ஆடும், பறை கேட்டால் கால் ஆடும் என்பார்கள். தலை பிராமணன், கால் சூத்திரன் என்று சொன்ன புருஷ சூக்தத்தின் உடம்பு அப்படியே இசைக்குள் வந்து படுத்திருக்கிறது. காலுக்கும் கீழே மண்ணில் கிடக்கிறவனுக்கு அந்த உடம்பில் இடமே இல்லை.

மிருதங்கத்தை யார் செய்கிறார்கள்? மாட்டுத்தோல், எருமைத்தோல், ஆட்டுத்தோல் மூன்றும் சேர்ந்துதான் மிருதங்கம். தோலைப் பார்த்து வாங்கி, உரித்து, பதம் பண்ணி, வார் இழுத்து, சுருதி கூட்டித் தருகிறவர்களில் பெரும்பாலோர் தலித் கிறித்தவர்கள். பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்து தந்த தஞ்சாவூர் பர்லாந்தின் காதை நினைத்துப் பாருங்கள். மணி ஐயர் கேட்கிற நாதம் எது என்று அவர் வாசிப்பதற்கு முன்னாடியே இவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் எப்படி அந்த வாத்தியத்தைச் செய்வது? ஆனால் சபாவில் முதல் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டுகிறவர் பேர் ரசிகர். இவர் பேர் ரிப்பேர்காரர். டி.எம். கிருஷ்ணா இவர்களைப் பற்றி எழுதிய ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ 2020 தொடக்கத்தில் வெளிவந்தபோது, வெளியீட்டு விழாவுக்குத் தந்திருந்த அரங்கத்தைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. மேடையில் தோல் இருக்கலாம். தோலைப் பற்றிய பேச்சு இருக்கக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. கோபாலகிருஷ்ண பாரதி 19ஆம் நூற்றாண்டில் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகள் இன்றும் கச்சேரிகளில் பாடப்படுகின்றன. சேரியிலிருந்து வந்த ஒருத்தன் கோயிலுக்கு வெளியே நின்று உள்ளே வரலாமா என்று கெஞ்சுகிறான். பாடகர் உருகுகிறார். சபை கண்ணைத் துடைத்துக்கொள்கிறது. நானும் கேட்டிருக்கிறேன், எனக்கும் கண் கலங்கியிருக்கிறது. ஆனால் இரண்டு கண்ணீரும் ஒன்றல்ல. அவர்கள் நந்தன் பாடுவதைக் கேட்கிறார்கள். நான் என் பாட்டன் கெஞ்சுவதைக் கேட்கிறேன். ஒரே ராகம், ஒரே பாட்டு, ஒரே ராத்திரி. ‘இந்தப் பாட்டு பிடிக்கும்’ என்று இரண்டு பேரும் சொன்னால் அதை வைத்து எந்த உளவியலாளர் எங்கள் ஆளுமையைக் கண்டுபிடிப்பார்?

இதுவரை அடுத்தவர்களைத் திட்டியாகிவிட்டது. இனி நம் வீட்டுக்குள் வரலாம்.

எங்கள் ஊர் விழுப்புரம் பக்கம். தாத்தா ஊருக்கு மேளம் அடித்தவர். வீட்டில் பறை என்று சொல்ல மாட்டார்கள், மோளம் என்றுதான் சொல்வார்கள். ஊரில் சாவு விழுந்தால் வெட்டியான் வந்து சொல்லிவிட்டுப் போவார். சோறு பாதியில் கிடக்க எழுந்து போக வேண்டும். வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சி, பிணம் எடுக்கிறவரை அடிக்க வேண்டும். கூலி கொஞ்சம் நெல்லும் சாராயமும். என் வயசுப் பையன்கள் தாத்தாவைப் பேர் சொல்லி ‘டேய்’ என்று கூப்பிடுவார்கள். தாத்தா சிரித்துக்கொண்டே போவார். அந்தச் சிரிப்பை அப்பாவால் தாங்க முடியவில்லை.

1991இல் அம்பேத்கர் நூற்றாண்டு வந்தது. அதை ஒட்டி எங்கள் காலனியிலும் மன்றம் வந்தது. 1927இல் மகாத்தில் அம்பேத்கர் இழிதொழில்களை விடச் சொன்னதும், தென்னார்க்காட்டில் இளையபெருமாள் போன்றவர்கள் பறையடிக்க மறுத்து நடத்திய போராட்டங்களும் மன்றத்தில் பேசப்பட்டன. எனக்கு ஏழு வயசு இருக்கும்போது காலனி கூடி, இனிமேல் யாரும் சாவுக்கு அடிப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். தாத்தாவின் மோளத்தை அப்பாதான் கிழித்தார். அந்த வருஷம் ஊர்க்காரர்கள் யாருக்கும் வேலை தரவில்லை. அறுப்புக்குக்கூடக் கூப்பிடவில்லை. அப்பா சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போனார். அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன். நான் எம்.ஏ. ஆனது கிழிந்த ஒரு பறையிலிருந்து என்று சொன்னால் அது அலங்காரமில்லை.

அப்படிப்பட்ட வீட்டுக்கு நான் ஒரு பறையை வாங்கிக்கொண்டு போனேன்.

இயக்கத்துக்கு வந்தபிறகு பறைப் பயிற்சி முகாமில் கற்றுக்கொண்டேன். வேப்பமரக் கட்டை, புளியங்கொட்டைப் பசை, சிண்டுக்குச்சி, அடிக்குச்சி என்று ஆசான் ஒவ்வொன்றாகச் சொல்லித் தரும்போது உடம்பெல்லாம் சூடேறியது. தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் பறையைக் கருப்பொருளாகச் சொல்வதை வகுப்பில் மனப்பாடம் செய்திருந்தேன். கையில் பிடித்தபோதுதான் அந்தச் சூத்திரத்துக்கு எடை வந்தது. தோளில் மாட்டிக்கொண்டு ஊரில் போய் இறங்கினேன். அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். ரொம்ப நேரம் அதையே பார்த்தார்.

‘இத எறக்கி வைக்க எங்கப்பனுக்கு ஒரு ஆயுசு ஆச்சி. நீ காசு குடுத்து வாங்கியாந்திருக்கியா?’

அன்றைக்கு அது வீட்டுக்குள் போகவில்லை. பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டகையில் தொங்கியது. நான் பெரிதாக வாதாடினேன். இழிவென்று சொல்லப்பட்டதையே ஆயுதமாக்கித் திருப்பி அடிப்பதுதான் கலகம் என்று ராஜ் கௌதமனைப் படித்துவிட்டு வந்தவன் அல்லவா நான். 90களில் மதுரை இறையியல் கல்லூரி தலித் ஆதார மையம் நடத்திய கலை விழாக்களைச் சொன்னேன். தேவாலயத்துக்குள் இருந்த கர்நாடகக் கீர்த்தனையைத் தள்ளிவைத்து, கூலிக்காரச் சனத்தின் மெட்டில் வழிபாட்டையே எழுதிய தியோபிலஸ் அப்பாவுவைச் சொன்னேன். பெண் தொடக்கூடாது என்றிருந்த பறையைத் தலித் பெண்களே இடுப்பில் கட்டி ஆடுகிற திண்டுக்கல் சக்தி கலைக்குழுவைச் சொன்னேன். கே.ஏ. குணசேகரன் குரலைப் போட்டுக் காட்டினேன். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: ‘நிறுத்துடான்னா நீ நிறுத்திக்கலாம், இல்ல? எங்கப்பன் நிறுத்த முடிஞ்சிதா?’

பறை பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையிலும் இவ்வளவு தெளிவான விமர்சன அளவுகோல் கிடைக்கவில்லை. நிறுத்த முடியுமா, முடியாதா? நிறுத்த முடிந்தால் அது கலை. முடியாவிட்டால் அது வெட்டி வேலை. அப்பா கிழித்ததும் நான் வாங்கியதும் எதிரெதிர்க் காரியங்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். இல்லை. அவர் கிழிக்காமல் இருந்திருந்தால் நான் வாங்கியிருக்க முடியாது. என் தோளில் அது கட்டாயமாகத் தொங்கியிருக்கும்.

சரி, அப்பாவுக்கு என்ன பாட்டுப் பிடிக்கும்? நாதஸ்வரம். காருகுறிச்சி அருணாசலம் என்றால் உயிர். இப்போதும் செல்போனில் போட்டுக் காதருகே வைத்துக்கொண்டு படுப்பார். முகாமிலிருந்து வந்த புதுசில் எனக்கு இது எரிச்சலாக இருந்தது. கோயில் வாத்தியம், ஆதிக்க சாதிக் கல்யாண வாத்தியம், இவருக்கு ஏன்? ஒருநாள் கேட்டேவிட்டேன். சின்ன வயசில் விளக்குக் கடையில் கூலிக்குப் போனாராம். ஊர்வலத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தலையில் சுமந்துகொண்டு நடக்க வேண்டும். பக்கத்திலேயே நாதஸ்வரம். ‘தலையில நெருப்பு, காதுல தேனு. விளக்கு சுமக்கறவன நிமிந்து யாரும் பாக்க மாட்டான். நான் பாட்டுக்குக் கேட்டுகினே போவேன்’ என்றார். கோயில் வாசலில் விளக்கை இறக்கிவிட்டுத் திரும்பிவிட வேண்டும். உள்ளே வாசித்ததை வெளியே நின்று கேட்டதுண்டாம்.

அப்பாவின் ரசனை அப்படி வந்தது. அனுமதியில்லாமல் எடுத்துக்கொண்ட ரசனை. அதை ‘மேல்சாதி மனோபாவம்’ என்று எழுத எனக்கு என்ன யோக்கியதை? அந்த இசையை அவர் யாரிடமும் இரந்து வாங்கவில்லை. கூலியோடு சேர்த்துத் தூக்கி வந்துவிட்டார்.

இங்கேதான் நம் தோழர்களோடு எனக்குச் சண்டை. ‘தலித்தின் இசை பறை’ என்று நாம் சொல்லத் தொடங்கியது ஒரு விடுதலைச் சொல். அதுவே இன்று சில இடங்களில் ஆள் அடையாளச் சீட்டாகியிருக்கிறது. என் அக்கா மகள் பிளஸ் டூ படிக்கிறாள். கொரியாக்காரப் பையன்கள் பாடுகிற பி.டி.எஸ். பாட்டு என்றால் சோறு வேண்டாம். மாலைநேரப் பாடசாலையில் ஒரு தோழர் அவளை எல்லார் முன்னாடியும் கடிந்துகொண்டார்: ‘அம்பேத்கர் படத்துக்குக் கீழ உக்காந்துகிட்டு இதென்ன பாட்டு? நம்ம அடையாளம் என்னா, வேர் என்னா?’ வீட்டுக்கு வந்து என்னைக் கேட்டாள்: ‘அம்பேத்கர் வயலின் கத்துக்கிட்டார்னு நீதான மாமா சொன்ன. அவர யாராச்சும் வேர் என்னான்னு கேட்டாங்களா?’

பதில் சொல்ல முடியவில்லை. அம்பேத்கர் வயலின் கற்றுக்கொண்டது உண்மை. அது எந்தச் சாதி வாத்தியம் என்று பார்த்து அவர் வில்லைக் கையில் எடுத்திருக்க மாட்டார். ஊர்க்காரன் ‘நீ பறையைத்தான் தொட வேண்டும்’ என்றான். நாமும் ‘நீ பறையைத்தான் தொட வேண்டும்’ என்றால், சொல்கிற வாய்தான் மாறியிருக்கிறது. உலகத்துப் பாட்டெல்லாம் சாதி இந்துப் பிள்ளைகளுக்கு விருப்பம், நம் பிள்ளைகளுக்கு மட்டும் துரோகம் என்றால் அது என்ன நியாயம்?

இதைச் சொன்னவுடனே, ‘அப்படியானால் இசையில் அரசியல் இல்லை, எல்லாம் பொது’ என்று ஒரு கூட்டம் ஓடிவரும். அவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். 2018 ஜனவரி 6ஆம் தேதி கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதல் மேடை ஏறியது. அயோத்திதாசர் சொன்ன சாதிபேதமற்ற தமிழர் என்ற சொல்லிலிருந்து பெயர் எடுத்து, கானாவையும் பறையையும் ராப்பையும் ஒரே மேடையில் வைத்தார்கள். அங்கே பாடிய அறிவு, 2021இல் தன் பாட்டியின் நிலமற்ற கதையை ‘எஞ்சாய் எஞ்சாமி’யாக எழுதி உலகம் முழுக்கக் கேட்க வைத்தார். அதே வருஷம் அந்தப் பாட்டை முன்வைத்து வந்த ஓர் இசைப் பத்திரிகையின் அட்டையில் அவர் முகம் இல்லை. 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பறைக்காகப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது, மகிழ்ச்சி. ஆனால் பட்டம் பெற்ற வாத்தியத்தை ஓசியில் வந்து அடி என்று கூப்பிடுகிற ஊர்கள் தீர்ந்துவிடவில்லை. பாட்டைப் பொதுவாக்கி, பாடியவனை மட்டும் தனியாக வைப்பதுதான் இங்கே ‘பொது’வின் பொருள்.

ஆகவே, ஒருவரின் ரசனையை வைத்து அவர் யாரென்று கண்டுபிடிக்கிற வேலையை நிறுத்துவோம். எதிரியும் நிறுத்தட்டும், நாமும் நிறுத்துவோம். விமர்சனம் கேட்க வேண்டியவை வேறு. இந்தக் காது எங்கே நின்று கேட்டது? உள்ளே உட்கார்ந்தா, வெளியே விளக்கைச் சுமந்தா? எதைக் கேட்க விடவில்லை? எதைப் பிடிக்கும் என்று சொல்ல வெட்கப்பட வைத்தார்கள்? வாசித்தவனுக்குக் கூலி என்ன? அவன் வேண்டாம் என்றால் நிறுத்த முடிந்ததா?

வெட்கத்தைப் பற்றி எழுதியதால் கடைசியாக ஒன்று. அந்தக் கீழ்ப்பாக்கம் கூட்டத்தில் வியாசர்பாடி நண்பனைப் பார்த்தேன். தோளில் மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தான். கூட்டம் கலையும்போது அவன் கையைப் பிடித்து, பெட்டியைக் கவிழ்த்த அன்று சும்மா நின்றதற்கு மன்னிப்புக் கேட்டேன். ‘அத வுடு மச்சான்’ என்றான். கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பிக் கேட்டான்: ‘அன்னிக்கு ஏதோ கர்நாடக சங்கீதம்னு வுட்டியே. நெஜமாவே கேப்பியா?’

‘அன்னிக்குப் பொய். இப்ப கேக்கறேன்’ என்றேன். உண்மைதான். பொய்யைக் காப்பாற்றுவதற்காக நூலகத்திலிருந்து ஒலிநாடாக்கள் வாங்கிக் கேட்கத் தொடங்கி, எப்போதோ சில ராகங்கள் எனக்குள் தங்கிவிட்டன. பயத்தில் தொடங்கிய ரசனை. அதை என்ன செய்வதென்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. விட்டுவிட மட்டும் மனசில்லை. அவன் சிரித்தான். ‘கேளு, கேளு. ஆனா யாராச்சும் என்ன பாட்டுப் பிடிக்கும்னு கேட்டா, மொதல்ல ஒப்பாரின்னு சொல்லு’ என்றான்.

இப்போதெல்லாம் அப்படித்தான் சொல்கிறேன்.